சிக்கிமில் இயற்கை வேளாண்மை: யார் யார் கைகொடுத்தார்கள்?

நமது சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "சார், நீங்கள் அடிக்கடி சிக்கிம் போய் வருகிறீர்களே! இங்கே கடையில் 'ஆர்கானிக்' என்று சொல்லி இரண்டு மடங்கு விலை வைக்கிறான். அது நிஜமாகவே சிக்கிம் இஞ்சிதானா? நம்பி வாங்கலாமா?" இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. பிறகு எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அதே வாரம் ஊரிலிருந்து என் தம்பி மகன் தொலைபேசியில் பேசினான். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பாதி என் பேரில், பாதி தம்பி பேரில். "பெரியப்பா, முழுவதையும் இயற்கை விவசாயத்துக்கு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் சரி என்றால் குறுவையிலேயே ஆரம்பித்துவிடுகிறேன்" என்றான். என் பாதியிலிருந்து வரும் நெல் எனக்கு ஒரு பொருட்டில்லை, ஓய்வூதியம் இருக்கிறது. அவனுக்கு அப்படியில்லை. இரண்டு பெண் குழந்தைகள், பள்ளிக் கட்டணம், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன். நான் வாய் தவறிச் "சரி" என்று சொல்லி, இரண்டு போகம் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

ஆகவே இந்தக் கட்டுரை அந்தச் சகோதரிக்கும் என் தம்பி மகனுக்கும் சேர்த்து எழுதியது. நான் வேளாண் நிபுணன் அல்லன். சிவில் டிப்ளமா படித்துவிட்டு, வடகிழக்கு எல்லை இரயில்வேயில் தண்டவாளமும் பாலமுமாகக் காலம் தள்ளி, ஓய்வுபெற்ற பின் சிலிகுரியிலேயே தங்கிவிட்டவன். என்னிடம் கேங்மேட்டாக இருந்த நேபாளிக்காரர் ஒருவர் தெற்குச் சிக்கிமில் தம் பரம்பரை நிலத்தில் இஞ்சியும் பெரிய ஏலக்காயும் போடுகிறார். தாஜு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அண்ணன் என்று பொருள். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதும், வேளாண் துறை ஆட்களிடம் கேட்டதும், படித்ததும்தான் என் சரக்கு.

சிக்கிம் 7,096 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்ன மாநிலம். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 6 இலட்சம். பெரும்பகுதி காடும் பனிமலையும். மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டிய வயல்களில்தான் பயிர். 2003ஆம் ஆண்டு அப்போதைய முதலமைச்சர் பவன் சாம்லிங் சட்டமன்றத்தில், இந்த மாநிலத்தை முழுக்க முழுக்க இயற்கை வேளாண்மைக்கு மாற்றப் போகிறோம் என்று அறிவித்தார். 2016 ஜனவரி 18 அன்று காங்டாக்கில் பிரதமர் அதை நாட்டின் முதல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவித்தார். ஏறத்தாழ 75,000 ஹெக்டேர், 66,000 விவசாயக் குடும்பங்கள். 2018இல் ரோம் நகரில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து வழங்கிய 'எதிர்காலக் கொள்கை' தங்க விருதும் கிடைத்தது. செய்தித்தாளில் வந்தது இவ்வளவுதான். நடுவில் கழிந்த பன்னிரண்டு பதின்மூன்று வருடங்களில் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது.

முதலில் ஒரு கணக்கு. யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். நன்றாக மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூரியா மூட்டையின் இடத்தை நிரப்ப நான்கு டன்னுக்கு மேல் எரு வேண்டும். சிக்கிமில் வண்டி வயலுக்குப் போகாது. மூங்கிலால் பின்னிய 'டோகோ' கூடையை நெற்றிப் பட்டையில் மாட்டி முதுகில் சுமக்கிறார்கள். நடைக்கு 25 கிலோ என்றால் 165 நடை! மேலும் அந்த யூரியா மூட்டை மத்திய அரசின் மானியத்தால் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற பொருள். எருவுக்கு அப்படி ஒரு மானியம் வாசலுக்கு வருவதில்லை. (எரு உடனே முழுச் சத்தையும் விடாது, மண்ணின் கட்டுமானத்தைத் திருத்தும், பல பருவத்துக்கு நிற்கும் என்பதெல்லாம் உண்மை. இங்கே நான் சுமை கூலியைத்தான் பார்க்கிறேன்.) "மூட்டையை நிறுத்து" என்று விவசாயிக்குச் சொல்வது எளிது. அந்த 165 நடைக்கு யார் கூலி தருவது என்று சொல்லாவிட்டால் அது வெறும் உபதேசம்.

சிக்கிமுக்கு ஓர் அனுகூலம் இருந்தது. அங்கே இரசாயன உரம் அதிகம் புழங்கியதே இல்லை. 2003இலேயே ஹெக்டேருக்குப் பத்துக் கிலோவை எட்டவில்லை. பஞ்சாபிலும் நம் காவிரிப் படுகையிலும் போடுவதோடு இதை ஒப்பிடவே முடியாது. பெரிய ஏலக்காய்க்கு யாரும் உரம் வைத்ததே இல்லை. 'உத்திஸ்' என்கிற மரத்தின் நிழலில் அதை வளர்க்கிறார்கள். அந்த மரத்தின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும்; உதிரும் இலையே உரம். நம் பக்கத்தில் அகத்தியும் கொழிஞ்சியும் செய்கிற வேலை. ஆகவே சிக்கிம் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மேடு பாதி ஏறியிருந்த இடத்திலிருந்துதான் அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள்.

அப்படியிருந்தும் அவசரப்படவில்லை. மாநில அளவில் இயற்கை வேளாண்மைக்கென ஒரு வாரியம் அமைத்தார்கள். உரத்துக்கு மாநிலம் கொடுத்த மானியத்தை ஒரேயடியாக வெட்டாமல் ஆண்டுக்குப் பத்துச் சதவீதமாகக் குறைத்தார்கள். பிறகு உர விற்பனை நிலையங்களை மூடி, மத்திய அரசிடமிருந்து உர ஒதுக்கீடு வாங்குவதையே நிறுத்தினார்கள். அதே சமயம் கிராமங்களில் எருக்குழி, மண்புழு உரத் தொட்டி கட்ட உதவி செய்தார்கள். நாஜிதாம், மெல்லிதாரா என்ற இரண்டு இடங்களில் இருந்த அரசுப் பண்ணைகளை இயற்கை வேளாண் பயிற்சி மையங்களாக மாற்றினார்கள். அந்த மண் புளிப்புத்தன்மை உள்ளது; அதைச் சரிக்கட்ட டோலமைட் சுண்ணாம்புக் கல் பொடி கொடுத்தார்கள். படித்துவிட்டு வேலையில்லாத கிராமத்துப் பையன்களைப் பயிற்றி, வீடு வீடாக அனுப்பினார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று 'சிக்கிம் ஆர்கானிக் மிஷன்' என்று பெயர் வைத்து 2015க்குள் முடிப்பதென்று காலக்கெடு குறித்தார்கள். 2014இல்தான் சட்டம் வந்தது: மாநிலத்துக்குள் இரசாயன உரமோ பூச்சிமருந்தோ கொண்டுவந்தாலும் பயன்படுத்தினாலும் அபராதம், சிறைத் தண்டனை உண்டு. கவனியுங்கள், அறிவிப்பு 2003, சட்டம் 2014. தண்டவாளத்தை மாற்றிப் போட்டுக் கெட்டித்த பிறகுதான் வேகத்தடையை எடுப்போம். அந்த முறை.

இதற்கு நேர் எதிரானதை இலங்கையில் பார்த்தோம். 2021 மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடைசெய்தது. மாற்று எருவும் இல்லை, பயிற்சியும் இல்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன. நவம்பரிலேயே தடையைத் தளர்த்தினார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற நம் மலையகத் தமிழருக்கு நாள் கூலி அந்தக் கொழுந்தின் எடையில் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சான்றிதழ் என்ற சங்கதி

இனி அந்தச் சகோதரியின் கேள்வி. இயற்கையாக விளைந்த இஞ்சியையும் மற்ற இஞ்சியையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே விளைந்த விதத்துக்கு யாராவது சாட்சி சொல்ல வேண்டும். 2001 முதல் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் 'தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்' நடக்கிறது; அபேடா என்கிற ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பு அதை நிர்வகிக்கிறது. நிலத்தில் இரசாயனத்தை நிறுத்திய அன்றே சான்றிதழ் கிடைக்காது. நெல், காய்கறி போன்ற பருவப் பயிருக்கு இரண்டு ஆண்டு, ஏலக்காய் போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டு 'மாறும் காலம்' கழிய வேண்டும். விளைச்சல் குறையக்கூடிய காலமும் இதுதான், கூடுதல் விலை கேட்க முடியாத காலமும் இதுதான். சிறு விவசாயியின் முதுகு ஒடிவது இங்கேதான்.

ஓர் ஏக்கர்க்காரர் தனியாக ஆய்வாளரை வரவழைத்துக் கட்டணம் கட்டினால் கட்டுப்படியாகாது. அதற்காகக் குழுச் சான்று முறை வைத்தார்கள். 25 முதல் 500 விவசாயிகள் வரை ஒரு குழு. குழுவுக்கு உள்ளேயே ஒரு கண்காணிப்பு ஏற்பாடு. ஒவ்வொருவர் வயலுக்கும் நாட்குறிப்பு, வரைபடம், விதை எங்கே வாங்கினார், பக்கத்து வயலிலிருந்து மருந்து காற்றில் வருமா என்பது வரை எழுதி வைக்க வேண்டும்.

இரயில்வேக் குடும்பங்களுக்கு இது சுலபமாகப் புரியும். கீமேன் தினமும் தன் பீட்டை நடந்து பார்க்கிறான். பி.டபிள்யூ.ஐ. டிராலியில் வந்து பார்க்கிறார். இரயில்வே பாதுகாப்பு ஆணையர் எப்போதாவதுதான் வருவார். அவர் ஒவ்வொரு ஸ்லீப்பரையும் தட்டிப் பார்ப்பதில்லை. அங்கங்கே இறங்கிப் பார்ப்பார், பதிவேட்டைப் புரட்டுவார். கீமேன் ஒழுங்காக நடந்தானா என்பதைத்தான் அவர் உண்மையில் சோதிக்கிறார். குழுச் சான்றும் அப்படியே. வெளியிலிருந்து வரும் சான்று நிறுவனத்தார் எல்லா வயலையும் பார்ப்பதில்லை. குழு எண்ணிக்கையின் வர்க்க மூலத்தை வைத்து மாதிரி எடுப்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 400 பேர் என்றால் 20 வயல். சந்தேகம் அதிகமென்றால் இன்னும் கொஞ்சம். மற்ற 380 வயலுக்கும் உள்கண்காணிப்புதான் ஜாமீன்.

சிக்கிம் அரசு இந்த வேலைக்கான செலவு முழுவதையும் தானே ஏற்றது. தனியார் சேவை நிறுவனங்களை அமர்த்தி, ஆண்டுக்கு ஒரு தொகுதியாக நிலங்களைப் பதிவு செய்தது. பிறகு மாநிலத்துக்கென்றே ஒரு சான்று நிறுவனமும் தொடங்கியது. இதில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த முறையில் சான்றிதழ் விவசாயியின் பெயரில் இருப்பதில்லை, குழுவின் பெயரில் இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாகப் பரிமாற்றச் சான்று எழுத வேண்டும். குழுவை நடத்துகிறவர் நடத்தாமல் விட்டால், வயல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விவசாயி கையில் காகிதம் இல்லை.

உள்நாட்டு விற்பனைக்கு மட்டும் என்றால் இன்னொரு எளிய வழி உண்டு. 'பங்கேற்பு உத்தரவாத முறை' என்று பெயர். மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பில் நடக்கிறது. கிராமத்தில் ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். செலவு மிகக் குறைவு. பங்காளி வயலில் குற்றம் சொல்லிக் கையெழுத்து மறுப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒருவர் ஏமாற்றினால் முழுக் குழுவின் பெயரும் போகும் என்பதால் சொல்கிறார்கள் என்றார் ஒரு கள அலுவலர். எல்லா ஊரிலும் அப்படியா என்பது ஊரைப் பொறுத்தது.

மத்திய அரசின் திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015இல் 'பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா' வந்தது. தொடக்க விதிப்படி 50 விவசாயிகள் 50 ஏக்கரோடு ஒரு தொகுப்பாகச் சேர்ந்தால் மூன்று ஆண்டுக்கு உதவி. அதே சமயம் வடகிழக்கு மாநிலங்களுக்கென்று தனியாக ஓர் இயக்கம் தொடங்கி, விவசாயிகளையே உற்பத்தியாளர் கம்பெனிகளாகச் சேர்த்தார்கள். விதையிலிருந்து விற்பனை வரை ஒரே கையில் வர வேண்டும் என்பது நோக்கம். காங்டாக் அருகே தாடோங்கில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம், தேசிய இயற்கை வேளாண் ஆராய்ச்சி நிலையமாக உயர்ந்தது. அங்கேயே நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி மையமும் உண்டு. இன்னொரு வேடிக்கை: நாட்டின் மிகப் பெரிய இரசாயன உரக் கூட்டுறவான இஃப்கோ, 2018இல் சிக்கிம் அரசோடு சேர்ந்து இயற்கை விளைபொருளுக்காக ஒரு கம்பெனி தொடங்கியது. எனக்கு அதில் கேலி ஒன்றும் இல்லை. பணமும் கிடங்கும் விற்பனைக் கிளைகளும் அவர்களிடம்தானே இருக்கின்றன?

தாஜுவின் இஞ்சி

இத்தனை பேர் கைகொடுத்தும் தாஜு வீட்டில் என்ன நடந்தது? நான்கு வருடம் முன்பு மழைக்காலத்தில் போயிருந்தேன். படிக்கட்டு வயலில் இஞ்சி பாதிக்கு மேல் மஞ்சளடித்துக் கிடந்தது. ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். தண்டு தனியாகக் கையோடு வந்தது. கிழங்கு கூழாகிவிட்டது. கிழங்கு அழுகல் நோய். ஏலக்காயிலும் 'சிர்க்கே', 'ஃபூர்க்கே' என்று இரண்டு வைரஸ் நோய்கள் பழைய தோட்டங்களைப் பல வருடமாகத் தின்று வருகின்றன. இவற்றுக்கு இரசாயனத்திலும் சரியான மருந்து கிடையாது என்பது நியாயமாகச் சொல்ல வேண்டிய விஷயம். இயற்கை முறைக்கு மாறியதால் மட்டும் வந்ததல்ல.

இஞ்சியில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நட்ட கிழங்கு முளைத்து வேர்பிடித்ததும், ஆனி ஆடி வாக்கில் செடியை அசைக்காமல் அந்தத் தாய்க் கிழங்கை மட்டும் தோண்டி எடுத்து விற்றுவிடுவார்கள். 'மாவ்' என்று பெயர். விதைக்குப் போட்ட காசு கைக்கு வந்துவிடும். ஆனால் தோண்டும்போது ஏற்படும் காயத்தின் வழியே நோய் உள்ளே போகும். ஆராய்ச்சி நிலையத்தார் ஆரோக்கியமான விதையைத் தேர்ந்தெடு, வெந்நீரில் நேர்த்தி செய், டிரைக்கோடெர்மா பூசு, அதே நிலத்தில் மறுவருடம் இஞ்சி போடாதே என்கிறார்கள். எல்லாம் சரியான யோசனை. "மாவ் எடுக்காவிட்டால் ஆடி மாதம் பையன் பீஸுக்கு எங்கே போவேன் சாப்?" என்றார் தாஜு. அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி நிலையத்தில் பதில் இல்லை. அது வங்கியும் கூட்டுறவும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

பிழைத்த இஞ்சியை மார்கழியில் தோண்டி மூட்டை கட்டினார். வாங்க வந்த தரகர் சாதாரண இஞ்சிக்கு என்ன விலையோ அதையே கொடுத்தார். "ஆர்கானிக்" என்றார் தாஜு. "காகிதம் இருக்கா?" என்றார் தரகர். அவருடைய குழுவை நடத்திய நிறுவனம் ஒப்பந்தக் காலம் முடிந்து போய்விட்டது. அந்த ஆண்டுப் புதுப்பித்தல் ஆகவில்லை. அந்த மூட்டைகள் மற்ற மூட்டைகளோடு ஒரே லாரியில் ஏறி சிலிகுரி வந்தன. என் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சந்தையில் அதை நானே வாங்கியிருக்கலாம், தெரியாமல்!

எல்லோருக்கும் இப்படி நடந்தது என்று எண்ண வேண்டாம். தேமி என்ற அரசுத் தேயிலைத் தோட்டம் 2008இலேயே சான்று பெற்று, நல்ல விலைக்கு வெளிநாடு வரை விற்கிறது. ஒரே நிலம், ஒரே நிர்வாகம், சொந்தத் தொழிற்சாலை. அங்கே காகிதம் தவறுவதில்லை. நூறு மேட்டில் நூறு துண்டு நிலமாகச் சிதறிக் கிடப்பவர்களுக்குத்தான் பாடு. சேகரிக்கும் இடம், கழுவிக் காயவைக்கும் கூடம், குளிர்பதன அறை, வண்டி எல்லாம் விளைச்சலுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். சான்று முந்திக்கொண்டது, இவை பின்தங்கின. முக்கியச் சாலை 10ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான். 2023 அக்டோபர் 4 அன்று லோனாக் ஏரி உடைந்து தீஸ்தாவில் வந்த வெள்ளம் அந்தச் சாலையைப் பல இடத்தில் அடித்துக்கொண்டு போனது. நாட்கணக்கில் காய்கறி வண்டி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சேவோக்கிலிருந்து ரங்போ வரை 45 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 14 சுரங்கங்கள். பாதை வந்தால் இஞ்சி மூட்டைக்கு நல்ல காலம் என்று நான் சொன்னால் பழைய பாசம் என்பீர்கள்.

இன்னொன்று. சிக்கிம் தன் அரிசியையும் காய்கறியின் பெரும்பகுதியையும் சமவெளியிலிருந்துதான் வாங்குகிறது. 2018 ஏப்ரலில், வெளியிலிருந்து வரும் இரசாயனக் காய்கறி பழங்கள் சிலவற்றுக்கு மாநில அரசு தடைபோட்டது. உள்ளூர் விளைச்சல் போதவில்லை, விலை ஏறியது, காங்டாக்கில் இல்லத்தரசிகள் முணுமுணுத்தார்கள். விளைகிற இஞ்சி வெளியே போகிறது, சாப்பிடுகிற அரிசி உள்ளே வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மலைநாடுகள் எப்போதும் அப்படித்தான். ஆனால் "முழு இயற்கை மாநிலம்" என்றால் தட்டில் இருப்பதெல்லாம் இயற்கை என்று சுற்றுலாப் பயணிகள் நினைத்துவிடுகிறார்கள்.

இப்போது சகோதரிக்கு என் பதில். சிக்கிம் இஞ்சி என்று கடைக்காரர் வாயால் சொல்வதற்கு இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள். பொட்டலத்தில் சான்று முத்திரையும் சான்று எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இயற்கை விளைபொருள் என்று பொட்டலம் போட்டு விற்க, நான் மேலே சொன்ன இரண்டு முறைகளில் ஒன்றின் சான்று வேண்டும் என்பது 2017இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அடுத்த முறை நான் மேலே போகும்போது, நாலைந்து குடும்பம் சேர்ந்து சொன்னால் தாஜுவிடமிருந்து நேரடியாகவே ஒரு மூட்டை கொண்டுவருகிறேன். அதில் முத்திரை இருக்காது. என் வார்த்தைதான் இருக்கும். தரகர் கொடுத்ததைவிடக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தம்பி மகனுக்குக் கடிதமே எழுதினேன். கோவையில் தமிழக அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. 2023இல் மாநிலம் இயற்கை வேளாண்மைக்குத் தனிக் கொள்கையும் வெளியிட்டது. வட்டார வேளாண் அலுவலகத்தில் போய்க் கேள்: நம் பக்கத்தில் குழு ஏதாவது பதிவாகியிருக்கிறதா, யார் நடத்துகிறார்கள், அவர்கள் ஒப்பந்தம் எந்த வருடம் வரை, புதுப்பிக்கும் செலவு யாருடையது, நெல்லை யார் வாங்குகிறார்கள், என்ன விலைக்கு? நம் வாய்க்காலில் மேல்மடை வயல்களிலிருந்து வடிகிற தண்ணீரில் உரமும் மருந்தும் வருமே, அதற்கு என்ன சொல்கிறார்கள்? இத்தனைக்கும் பதில் எழுதி அனுப்பு. அதுவரை என் பேரில் உள்ள ஒன்றேகால் ஏக்கரில் மட்டும் ஆரம்பி. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழு, இரண்டு மாடு வாங்கு, அதற்கான பணம் நான் அனுப்புகிறேன். மூன்று வருடம் அந்த நிலத்தில் விளைச்சல் குறைந்தால் நஷ்டம் என்னுடையது. உன் பாதியில் இப்போதைக்குக் கைவைக்காதே.

மாடு வாங்கிவிட்டானாம். மற்றக் கேள்விகளுக்குப் பதில் இன்னும் வரவில்லை. அலுவலர் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.